மாற்றிய பேக் ஆயில் சீல் ஆறே மாதத்தில் மறுபடி ஒழுகினால்?

கேள்வி: 2009 மாடல் ஆல்டோ வைத்திருக்கிறேன், ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. எஞ்சின் பேக் ஆயில் சீல் போய்விட்டது என்று ஆறு மாதம் முன்பு கியர்பாக்ஸை இறக்கி மாற்றினார்கள். இப்போது வண்டி நிற்கும் இடத்தில் மறுபடி எண்ணெய்ச் சொட்டு. "போன தடவை போட்டது டூப்ளிகேட் சீலா இருக்கும் சார், ஒரிஜினல் போட்டுடலாம்" என்கிறார் மெக்கானிக். திரும்பவும் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

பதில்: இறக்க வேண்டி வரலாம், ஆனால் இன்றைக்கே வேண்டாம். பேக் சீல் என்பது கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கியர்பாக்ஸ் பக்கம் வெளியே வரும் இடத்தில் எண்ணெயைத் தடுக்கும் வளையம். டூப்ளிகேட் சரக்கு கடைகளில் ஏராளமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் புது சீல் ஆறு மாதத்தில் ஒழுகினால் சீலைத் தவிர வேறு எதுவோ சரியில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சீல் விலை சில நூறு ரூபாய்தான், செலவெல்லாம் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியில் போகிறது, அதனால் கழற்றுவதற்கு முன்னால் அரை நாள் சோதனைக்குச் செலவழித்தால் நஷ்டமில்லை.

முதலில் சொட்டுவது என்ன எண்ணெய் என்று பாருங்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், அதாவது கிளட்ச் ஹவுசிங்குக்கு அடியில், சொட்டினாலே பேக் சீல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் (கிளட்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டு) சீல் போனாலும் அதே இடத்தில்தான் சொட்டும். கியர் ஆயிலுக்குக் கந்தக நெடி உண்டு, விரலில் தொட்டு முகர்ந்தாலே தெரியும். எஞ்சின் ஆயில் அப்படி நாறாது, கொஞ்ச நாள் ஓடியதென்றால் கறுத்தும் இருக்கும்.

எஞ்சின் ஆயில்தான் என்று தெரிந்துவிட்டது, சரி. அது மேலேயிருந்து வழிந்து வருகிறதா என்பது அடுத்த கேள்வி. எஞ்சினின் உச்சியில் இருக்கும் டாப்பெட் கவரின் கேஸ்கெட் லேசாகக் கசிந்தால்கூட எண்ணெய் பிளாக்கின் பின்புறமாக இறங்கி, ஓடும்போது காற்றும் தள்ள, கடைசியில் கிளட்ச் ஹவுசிங்கில் வந்துதான் சொட்டும். ஆயில் பிரஷர் சுவிட்சும் சம்ப் (அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) கேஸ்கெட்டின் பின் ஓரமும் இதே வேலையைச் செய்யும். எஞ்சினைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து, சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடரைத் தூவிவிட்டு, இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு. மேலே எல்லாம் காய்ந்து கிடந்து ஹவுசிங்குக்கு உள்ளேயிருந்து மட்டும் வந்தால் பேக் சீல் மீது சந்தேகப்படலாம்.

இப்போது முக்கியமான விஷயம். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எப்போதும் கொஞ்சம் எரிந்த வாயு கீழே கிராங்க் கேஸுக்குள் (கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் அடிப்பகுதி) இறங்கிக்கொண்டே இருக்கும், அதை உறிஞ்சி எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் பக்கம் அனுப்பத்தான் பி.சி.வி. வால்வும் பிரீதர் ஹோஸும் இருக்கின்றன. அந்த வழி கசடால் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும், எண்ணெயை எங்கே பலவீனமோ அங்கே வெளியே தள்ளும். எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் அந்த அழுத்தத்துக்கு நிற்காது, ஏனென்றால் அதன் வேலை எண்ணெயைத் தடுப்பது, அழுத்தத்தைத் தாங்குவது அல்ல. பட்டறைகளில் பெரும்பாலும் இதை யாரும் திறந்தே பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

சோதிப்பது சுலபம். எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிவிட்டு அந்தத் துளையின் மேல் ஒரு மெல்லிய பாலிதீன் தாளை வையுங்கள். தாள் லேசாக உள்ளே இழுக்கப்பட்டால் நல்லது. பொம்மென்று மேலே தூக்கிக்கொண்டு நின்றால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. அப்போது பி.சி.வி. வால்வைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள், பெரும்பாலான வால்வுகள் நன்றாக இருந்தால் கடகடவென்று சத்தம் போடும், சத்தமே இல்லையென்றால் மாற்றிவிடலாம், விலை குறைவுதான். ஹோஸையும் கழற்றி பெட்ரோலில் அலசி வாயால் ஊதிப் பாருங்கள் (அலசிக் காயவைத்த பிறகு, தயவுசெய்து). இதெல்லாம் செய்தும் தாள் தூக்கினால் ரிங் தேய்ந்திருக்கலாம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பார்க்காமல் சீல் வேலையில் இறங்காதீர்கள். டிப் ஸ்டிக்கில் எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள், "ஒரு லிட்டர் எக்ஸ்ட்ரா இருக்கட்டும்" என்று ஊற்றுகிற வழக்கம் சில இடங்களில் உண்டு.

அப்புறம், கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடுகிறதா என்று பார்க்கவும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவரைக் கிளட்சை மிதித்து மிதித்து விடச் சொல்லி, பெல்ட் பக்கம் உள்ள கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற அளவுக்கு உள்ளே வெளியே போய்வந்தால் அந்த ஆட்டத்தைத் தடுக்கும் திரஸ்ட் வாஷர் போய்விட்டது, அது எஞ்சினைப் பிரிக்கிற வேலை, சீலோடு முடியாது.

இவ்வளவும் பார்த்து பிரீதர் வழி சுத்தமாக இருக்கிறது, ஆட்டமும் இல்லை, கசிவு உள்ளேயிருந்துதான் என்றால் கியர்பாக்ஸை இறக்கச் சொல்லுங்கள், ஆனால் இறக்கியதும் நீங்கள் பக்கத்தில் இருங்கள். கிராங்க் நுனியில் இருக்கும் கனமான சக்கரமான பிளைவீலைக் கழற்றியவுடன் அதன் போல்ட்டுகளைப் பாருங்கள். சில எஞ்சின்களில் அந்த போல்ட் துளைகள் உள்ளே கிராங்க் கேஸ் வரை திறந்திருக்கும், மரை வழியாக எண்ணெய் வந்து சீல் ஒழுகுவது போலவே தெரியும். மரையில் ஈரம் இருந்தால் திரும்ப மாட்டும்போது திரெட் சீலன்ட் தடவ வேண்டும். சீல் உட்கார்ந்திருக்கும் ஹவுசிங்கே பிளாக்கோடு சேரும் கேஸ்கெட்டில் கசிவதும் உண்டு. போன தடவை சீலை மட்டும் மாற்றிவிட்டு அதைத் தொடாமல் விட்டிருக்கலாம்.

பழைய சீலை எடுத்த பிறகு கிராங்க்கில் சீலின் உதடு உராயும் இடத்தை நகத்தால் தடவச் சொல்லுங்கள். லட்சம் கிலோமீட்டர் ஓடிய எஞ்சினில் அங்கே ஒரு வளையப் பள்ளம் விழுந்திருக்க நிறைய வாய்ப்பு. நகம் மாட்டினால் புது சீலை அதே ஆழத்தில் அடித்துப் பயனில்லை. ஹவுசிங்கில் இடமிருந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்து, உதடு தேயாத இடத்தில் படும்படி செய்யலாம். பள்ளம் அதிகமென்றால் மேலே மாட்டும் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் கிடைக்கிறது, எஸ்.கே.எஃப். தயாரிப்பில் அதன் சுவர் சுமார் 0.28 மி.மீ. கனம்தான், அதனால் பழைய அளவு சீலே பொருந்தும். எமரி தாளால் தேய்த்துச் சரிசெய்கிறேன் என்பார்கள். லேசாகத் தேய்க்கலாம், ஆனால் கையைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே சுற்றித் தேய்த்தால் திருகு மரை போலக் கோடு விழும், அந்தக் கோடே எண்ணெயை வெளியே இழுத்து வரும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பி பழைய சீலை எடுக்கும்போது ஷாஃப்ட்டில் விழும் கீறலும் இதே கதைதான், சீல் ஆறு மாதத்தில் போவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் அது.

மாட்டும் விதத்தில் சில விஷயங்கள். சாதாரண ரப்பர் சீலென்றால் உதட்டில் எஞ்சின் ஆயில் தடவ வேண்டும், உள்ளே இருக்கும் சுருள் ஸ்பிரிங் தட்டும்போது எகிறிப்போகாமல் இருக்க கொஞ்சம் கிரீஸ் வைப்பது நல்லது. டெஃப்லான் உதடு கொண்ட சீல் என்றால் நேர் எதிர், பெரும்பாலும் ஈரமில்லாமல் காய்ந்தபடிதான் மாட்டச் சொல்வார்கள், பெட்டியில் என்ன போட்டிருக்கிறதோ அதைச் செய்யவும். சில சீல்களின் உதட்டுக்கு அடியில் சாய்ந்த வரிகள் இருக்கும், அவை ஒரு திசைச் சுழற்சிக்கு மட்டும்தான், அம்புக்குறியைப் பார்க்காமல் மாட்டினால் தடுக்க வேண்டியதே எண்ணெயை வெளியே தள்ளும். சுத்தியலால் ஓரம் ஓரமாகத் தட்டாமல், சீலின் வெளிவட்ட அளவுள்ள ஒரு பைப் துண்டை வைத்து நேராக இறக்க வேண்டும். ஹவுசிங்குக்கு அனபாண்ட் மாதிரி கசிவு தடுக்கும் பசை ஏதாவது தடவினால் மெல்லிய கோடு போதும், அது நன்றாகக் காயும் வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள், சாயங்காலமே வண்டி வேண்டும் என்று நீங்களும் அவசரப்படுத்தாதீர்கள்.

கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் பட்டிருந்தால் கழுவிப் போடுவது வீண், மாற்றிவிடுங்கள், ரிலீஸ் பேரிங்கையும் கூடவே. இன்புட் ஷாஃப்ட் சீல், டிரைவ் ஷாஃப்ட் (சக்கரங்களுக்குப் போகும் தண்டு) சீல்கள் எல்லாம் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், அவற்றையும் பார்த்துவிடுங்கள்.

"ஆயில் லீக் நிறுத்தும்" என்று விற்கும் திரவம் ரப்பரை மென்மையாக்கி ஊதவைக்கிறது, காய்ந்து இறுகிய பழைய சீலில் கொஞ்ச நாள் பலன் தெரியலாம். உங்களுடையது ஆறு மாத சீல், அதனால் அந்தக் காசை பி.சி.வி. வால்வுக்குப் போடுங்கள். அதுவரை ஓட்டலாமா என்றால், தினம் சில சொட்டுதான், கிளட்ச் வழுக்கவில்லை, வாரம் ஒரு முறை டிப் ஸ்டிக் பார்க்கிறீர்கள் என்றால் ஓட்டலாம். ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி வேகம் எடுக்காவிட்டால் அப்போது நிறுத்திவிடுங்கள்.