ஒரே ஒரு முறை ஓடும் ஆடியோ: பிசினஸ் ஆங்கில லிசனிங்குக்குக் காதை எப்படிப் பழக்குவது?

கேள்வி: கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆங்கிலத்தில் மெயில் எழுதுவது, படிப்பது எதிலும் சிக்கல் இல்லை. இன்னும் ஆறு வாரத்தில் டோயிக் என்ற அலுவலக ஆங்கிலத் தேர்வு. மாதிரித் தேர்வுகளில் ரீடிங் நன்றாக வருகிறது. லிசனிங்தான் நூறுக்கு 55ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. தினமும் ஒரு மணி நேரம் சப்டைட்டிலோடு ஆங்கிலத் தொடர் பார்க்கிறேன். பலன் தெரியவில்லை. வேறு என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தத் தொடர்களைப் பொழுதுபோக்குக் கணக்கில் எழுதிவிடுங்கள். சப்டைட்டில் ஓடும்போது உழைப்பது கண். காது சும்மா உட்கார்ந்திருக்கிறது. உங்களுக்குப் படிக்க நன்றாக வேறு வரும் என்பதால், கண் இன்னும் வேகமாக முந்திக்கொள்ளும்.

அடுத்து, கடைசியாக எழுதிய மாதிரித் தேர்வின் ஆடியோ ஸ்கிரிப்டை எடுங்கள். தவறவிட்ட கேள்விகளுக்கான வரிகளைப் படித்துப் பாருங்கள். அநேகமாக எல்லாமே உங்களுக்குத் தெரிந்த சொற்களாகத்தான் இருக்கும். தெரிந்த சொல்தான், ஆனால் நீங்கள் பழகிய உருவத்தில் காதுக்கு வந்து சேரவில்லை.

'ஐ குட் ஹேவ் சென்ட் இட் டு ஹிம்' என்பது தாளில் ஏழு சொல். பேசும்போது 'ஐ குடவ் செண்டிட் டூயிம்' என்று மூன்று நான்கு கட்டியாக வந்து விழும். ஹேவ், ஹிம் இரண்டிலும் 'ஹ' காணாமல் போய்விட்டது. தமிழில் ஏறக்குறைய எல்லா அசைக்கும் அதற்குரிய நேரத்தைக் கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலம் அப்படியில்லை, முக்கியமான சொல்லை அழுத்திவிட்டு மற்றதை விழுங்கிவிடும். இது மோசமாகக் காலை வாரும் இடம் கேன், கேன்ட் இரண்டும். நாம் கடைசியில் வரும் 'ட்' ஒலிக்காகக் காத்திருப்போம். அமெரிக்கப் பேச்சில் அது பல நேரம் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். அதைத் தேடாதீர்கள், உயிரொலியைக் கவனியுங்கள். முடியும் என்றால் 'வீ கன் ஷிப் இட்': 'கன்' தேய்ந்து, ஷிப் அழுந்தும். முடியாது என்றால் 'வீ கேன்ட் ஷிப் இட்': 'கேன்' முழுசாக அழுந்தும். சரக்கு போகுமா போகாதா என்பதே அந்த ஓர் ஒலியில்தான் இருக்கிறது.

அதனால் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கேட்பதைவிட, ஒரு நிமிட ஆடியோவை அரை மணி நேரம் பிரித்து மேயுங்கள். முதலில் எதையும் எழுதாமல் ஒரு தடவை கேளுங்கள்: யார் பேசுகிறார்கள், எதற்காக, அவ்வளவுதான். இரண்டாவது தடவை கேள்விகளுக்கு விடை. அப்புறம் புரியாத வாக்கியத்தை மட்டும் நிறுத்தி நிறுத்தி, காதில் விழுந்தபடி எழுதுங்கள். அர்த்தமில்லாத ஒலியாக இருந்தாலும் தமிழ் எழுத்திலேயே எழுதி வையுங்கள், தப்பில்லை. அதன் பிறகுதான் ஸ்கிரிப்டைத் திறக்க வேண்டும்.

இப்போது ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். சொல்லே தெரியாதா? தெரிந்த சொல், ஒலி பிடிபடவில்லையா? எல்லாம் புரிந்தும் விடையில் ஏமாந்தீர்களா? முதல் வகைக்குச் சொற்பட்டியல் போதும். இரண்டாவது வகைக்கு, அந்த வாக்கியத்தைப் பேசுபவரோடு சேர்ந்து, அவர் வேகத்திலேயே, விழுங்க வேண்டியதை விழுங்கிப் பத்துத் தடவை சொல்லுங்கள். வாய்க்கு வந்த ஒலியைக் காது எளிதில் விடாது. வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

மூன்றாவது வகை, அதாவது ஏமாறுவது, டோயிக்குக்கே உரியது. லிசனிங் 45 நிமிடம், 100 கேள்வி: படங்களுக்கு 6, கேள்வி-பதில் 25, உரையாடல்களுக்கு 39, தனிப்பேச்சுகளுக்கு 30. இரண்டாம் பகுதியான கேள்வி-பதிலில் தாளில் எதுவும் இருக்காது. கேள்வியும் மூன்று விடைகளும் காதில் மட்டும்தான் வரும்.

'வென் வில் த இன்வாய்ஸ் பி ரெடி?' என்று கேட்கிறார்கள் என்று வையுங்கள். முதல் விடை: 'யெஸ், ஐ ரெட் இட்.' இரண்டாவது: 'இன் த அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்.' மூன்றாவது: 'ஐயம் ஸ்டில் வெயிட்டிங் ஃபார் த ஃபைனல் ஃபிகர்ஸ்.' முதலாவதில் 'ரெடி' மாதிரியே ஓர் ஒலி, அது தூண்டில். போதாததற்கு, 'எப்போது' என்ற கேள்விக்கு யெஸ் என்று யாரும் பதில் சொல்வதில்லை. இரண்டாவது, இன்வாய்ஸ் என்றதும் உங்களைப் போன்ற கணக்குக்காரர் மனம் தானாகப் போகும் இடம். ஆனால் அது 'எங்கே'வுக்கான பதில். மூன்றாவதில் தேதியே இல்லை, இருந்தாலும் அதுதான் சரி. கடைசிக் கணக்கு வரவில்லை, அதனால் இப்போதைக்கு இல்லை என்கிறார். அலுவலகத்தில் நாமும் இப்படிச் சுற்றி வளைத்துத்தானே பதில் சொல்கிறோம்!

இங்கே நம் தமிழ்ப் பழக்கமும் குறுக்கே வரும். தமிழில் வினை கடைசியில் வரும் என்பதால் வாக்கியம் முடியும்வரை பொறுத்திருப்போம். ஆங்கிலக் கேள்வியில் வென், வேர், ஹூ என்று முதல் சொல்லிலேயே பாதி விஷயம் போய்விடும். நாம் நிமிர்ந்து உட்காரும்போது அது கடந்திருக்கும். இதற்குத் தனிப் பயிற்சி உண்டு: இருபத்தைந்து கேள்விகளை ஓடவிட்டு, விடையே குறிக்காமல், முதல் சொல்லை மட்டும் எழுதுங்கள்.

உரையாடலிலும் தனிப்பேச்சிலும் ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள் தாளில் இருக்கும். ஆடியோ தொடங்குவதற்கு முன் அந்த மூன்றையும் படித்துவிட வேண்டும். விடைகளைப் படிக்க நேரம் இல்லாவிட்டாலும் கேள்விகளையாவது பாருங்கள். பேச்சு முடிந்து கேள்விகளை வாசிக்கும் நேரத்தில் விடையைக் குறித்துவிட்டு அடுத்த மூன்றுக்குப் போய்விடுங்கள். ஆடியோவில் வந்த சொல்லே விடையில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பேசுபவர் மீட்டிங்கை 'புஷ் பேக்' செய்யலாம் என்பார், விடையில் 'போஸ்ட்போன்' என்று இருக்கும். 'பிரிங் ஃபார்வர்ட்' என்றால் முன்கூட்டியே வைப்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு.

உச்சரிப்பைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். அமெரிக்க, பிரிட்டிஷ், கனடிய, ஆஸ்திரேலியக் குரல்கள் கலந்து வரும். அமெரிக்கத் தொடர்களிலேயே ஊறியிருந்தால், பிபிசி லேர்னிங் இங்கிலிஷில் வரும் '6 மினிட் இங்கிலிஷ்' நிகழ்ச்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஸ்கிரிப்டும் கிடைக்கும். எண்களில் மட்டும் கவனம். 'தர்ட்டீன்' என்றால் பெரும்பாலும் பின்பாதி நீளும், 'தர்ட்டி' என்றால் முன்பாதி அழுந்தும். பிரிட்டிஷ்காரர் 'ஹாஃப் எய்ட்' என்றால் எட்டரை, ஏழரை அல்ல.

இதே பதிலை கேம்பிரிட்ஜின் பிசினஸ் வான்டேஜ் என்ற ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிறவர்களும் பயன்படுத்தலாம். அங்கே ஆடியோ இரண்டு முறை ஓடும் என்பது ஆறுதல், ஆனால் முதல் பகுதியில் விடையை நீங்களே எழுத வேண்டும். செவ்வாய் என்று சொல்லிவிட்டு, 'ஆக்சுவலி' என்று இழுத்து வியாழனுக்கு மாற்றுவார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு, அடுத்து வருவதைக் கேளுங்கள்.

ஆறு வாரத்தில் முதல் நான்கு வாரம் இந்தப் பிரித்து மேயும் வேலை. கடைசி இரண்டு வாரத்தில் வாரத்துக்கு இரண்டு முழு மாதிரித் தேர்வு, 45 நிமிடமும் நிறுத்தாமல். இயர்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில், நாலடி தள்ளி வைத்துக் கேளுங்கள்; எல்லா மையத்திலும் ஹெட்போன் கிடைக்காது. ஒரு கேள்வி கைநழுவினால் ஏதாவது ஒன்றைக் குறித்துவிட்டு நகருங்கள், தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. நான் முதல் தடவை எழுதியபோது ஒரு விடையையே நினைத்துக்கொண்டிருந்து அடுத்த மூன்றைக் கோட்டை விட்டேன்.