தண்ணீர்ப் புத்தகங்கள்: கேட்டவர்களுக்குப் பதில்

ஜூன் பிறந்து பெரியாற்றுத் தண்ணீர் திறக்கிற பேச்சு வந்துவிட்டால் எங்கள் வாசகர் வட்டத்திலும் தண்ணீர்ப் பேச்சுதான். இந்த முறை “தண்ணீர் பற்றிக் குழந்தைகளும் பெரியவர்களும் என்ன படிக்கலாம்?” என்று கேட்டிருந்தோம். கம்பம், கூடலூர், உத்தமபாளையத்தில் இருந்து மட்டுமல்ல, குமுளி, வண்டன்மேட்டில் இருந்தும் கேள்விகள் வந்தன. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் பதில் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘நீரைச் சேமிப்போம்’ என்று பக்கத்துக்குப் பக்கம் புத்தி சொல்கிற புத்தகம் எதையும் நான் சொல்லப்போவதில்லை. குடத்தை யார் சுமக்கிறார், மடையை யார் திறக்கிறார், கடைமடையில் யார் காத்துக் கிடக்கிறார் என்று காட்டுகிற புத்தகம்தான் எனக்குத் தண்ணீர்ப் புத்தகம்.

கூடலூரில் இருந்து ஓர் அம்மா: மகனுக்கு நாலு வயது. படம் நிறைய இருக்கிற புத்தகம் சொல்லுங்கள்.

காசு போட்டு வாங்குவதற்கு முன்னால் பிரதம் புக்ஸ் நடத்துகிற ‘ஸ்டோரிவீவர்’ தளத்தைப் பாருங்கள் அம்மா. தமிழில் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாசிப்புத் திறனைப் பொறுத்து நிலை ஒன்று, இரண்டு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் பையனுக்கு நிலை ஒன்று போதும். ‘மழை’, ‘குளம்’, ‘மீன்’ என்று தேடுங்கள். போனைப் பையன் கையில் கொடுத்துவிட வேண்டாம், மடியில் உட்கார வைத்து நீங்கள் படியுங்கள். நாலு வயதில் நீர்ச்சுழற்சியெல்லாம் சொல்லித்தரத் தேவையில்லை. தவளை எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினால் போதும்.

லோயர்கேம்ப் பக்கம் ஒரு டீச்சர்: ஆறாம் வகுப்பில் சத்தமாக வாசித்துக் காட்ட ஏதாவது?

முக்கூடற்பள்ளு, டீச்சர். பழைய இலக்கியம் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். ‘ஆற்று வெள்ளம் நாளை வரத் தோற்றுதே குறி’ என்று தொடங்குகிற பாட்டை ஒருமுறை ராகம் போட்டுச் சொல்லிப் பாருங்கள், வகுப்பே கூடச் சொல்லும். மலையாள மின்னலும் ஈழ மின்னலும் சூழ மின்னுகின்றன. காற்று கொம்பு சுற்றி அடிக்கிறது, கேணித் தவளை கூப்பிடுகிறது, நண்டு தன் வளை வாயை மண்ணால் அடைக்கிறது. நாளைக்கு ஆற்றில் வெள்ளம் வரும் என்பதற்குப் பள்ளர்கள் கண்ட அடையாளங்கள் இவை. பாட்டு தாமிரபரணிக் கரையில் பிறந்தது. ஆனால் மேற்கே மலையாளத்து மின்னலைப் பார்த்து மழை சொல்வது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கம் இல்லாமலே புரியும். பாட்டு முடிந்ததும், “உங்கள் தாத்தா எதைப் பார்த்து மழை வரும் என்கிறார்?” என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். வருகிற பட்டியல் பாடப் புத்தகத்தில் கிடைக்காது.

கதையாக வேண்டுமென்றால் யெஸ். பாலபாரதியின் ‘ஆமை காட்டிய அற்புத உலகம்’. கடலுக்கு அடியில் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் கதை. மலையடிவாரத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் கடலைப் பார்த்திருக்க மாட்டார்கள், அதனாலேயே கேட்பார்கள்.

மகள் எட்டாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். தமிழ்ப் புத்தகத்தைத் தொடமாட்டேன் என்கிறாள்.

சரி, இங்கிலீஷிலேயே ஆரம்பிக்கட்டும். லிண்டா சூ பார்க் எழுதிய ‘எ லாங் வாக் டு வாட்டர்’ 2010இல் வந்தது. சிறிய புத்தகம், நடை எளிது. சூடானில் இரண்டு பிள்ளைகள், இரண்டு பேருக்கும் பதினொரு வயது. 1985இல் சால்வா என்ற பையன் உள்நாட்டுப் போருக்குத் தப்பி ஓடுகிறான். 2008இல் நியா என்ற பெண் தினமும் இரண்டு தடவை குளத்துக்கு நடந்து தண்ணீர் எடுக்கிறாள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் இரண்டு கதைகளும் மாறி மாறி வரும். கடைசியில் எங்கே சேர்கின்றன என்பதை நான் சொல்லமாட்டேன். சால்வா நிஜ மனிதர், வளர்ந்தபின் தன் நாட்டில் கிணறு தோண்டித்தர ஓர் அமைப்பையே தொடங்கினார் என்பதை மட்டும் மகளிடம் சொல்லி வையுங்கள்.

அவள் அதை முடித்த கையோடு கந்தர்வனின் ‘தண்ணீர்’ சிறுகதையைக் கொடுங்கள். தமிழைத் தொடமாட்டேன் என்பதெல்லாம் அப்போது தெரியும்.

வண்டன்மேட்டில் இருந்து ஓர் அக்கா: விடியுமுன் ஜீப் ஏறினால் ஏலத்தோட்டத்தில் இருந்து திரும்ப இருட்டிவிடுகிறது. பெரிய புத்தகம் ஆகாது. சின்னதாக ஒன்று சொல்லுங்கள்.

அக்கா, இப்போது சொன்னேனே, அந்தக் கந்தர்வன் கதைதான். ஜீப் கம்பம்மெட்டு ஏறி இறங்குவதற்குள் படித்துவிடலாம். ராமநாதபுரம் பக்கம் ஒரு வறண்ட ஊர். கிணறெல்லாம் உப்புக் கரிக்கிறது. பாசஞ்சர் ரயில் நிற்கிற கொஞ்ச நேரத்தில் பெண்கள் குடத்தோடு பெட்டிக்குள் ஏறி, முகம் கழுவுகிற குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஒருநாள் இந்திரா என்ற பெண் பிடித்துக்கொண்டிருக்கும்போதே ரயில் கிளம்பிவிடுகிறது. அவ்வளவுதான் கதை. கடைசிப் பத்தியில் குடத்தின் மேல் ஒரு கண் வையுங்கள்.

2018இல் வந்த ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் இரண்டாம் இயலில் இந்தக் கதை இருக்கிறது. அந்த இயலில் பெரும்பாலும் தண்ணீர்தான். வீட்டில் ஒன்பது படித்த பிள்ளை இருந்தால் பழைய புத்தகத்தை எடைக்குப் போட வேண்டாம்.

உத்தமபாளையம், வயல்காரர்: குறளில் வான்சிறப்பு தெரியும். அதைத் தவிர பழைய பாட்டில் என்ன இருக்கிறது?

அதே ஒன்பதாம் வகுப்பு இயலிலேயே இருக்கிறது ஐயா, புறநானூறு பதினெட்டாம் பாட்டு. குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொன்னது. உணவு கொடுத்தவர் உயிர் கொடுத்தவர் என்ற வரியை எல்லா மேடையிலும் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பிறகு வருவதுதான் முக்கியம். ‘பள்ளமான இடம் பார்த்து நீர் தேங்கும்படி கரை கட்டு, அப்படிச் செய்தவர் பெயர்தான் நிற்கும்’ என்று ராஜாவிடம் நேராகச் சொல்கிறார் புலவர். பரிசில் கேட்காமல் கண்மாய் கேட்ட பாட்டு.

குமுளியில் கடை வைத்திருக்கிறேன். இரண்டு பக்கத்து ஆட்களும் வருவார்கள். செய்தியில் முல்லைப் பெரியாறு வந்தால் அன்றைக்குக் கடையில் சண்டைதான். உண்மையைப் படிக்க என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன் அண்ணே. மூன்றுவிதமாகப் படிக்கலாம்.

முதலில் நாவல். அ. வெண்ணிலாவின் ‘நீரதிகாரம்’. ஆனந்த விகடனில் தொடராக வந்து பிறகு புத்தகமானது. அளவைப் பார்த்து மலைக்க வேண்டாம், தொடர்கதை என்பதால் தானாக இழுத்துக்கொண்டு போகும். மேற்கே போகிற ஆற்றைக் கிழக்கே திருப்பிய வேலையில் துரைமார் மட்டுமல்ல, இங்கிருந்து மலையேறிப் போய்க் கல் சுமந்தவர்களும் இதில் மனிதர்களாக வருகிறார்கள்.

இரண்டாவது, ஏ.டி. மெக்கன்சி எழுதிய ‘ஹிஸ்டரி ஆஃப் தி பெரியார் ப்ராஜெக்ட்’, 1899இல் சென்னை அரசு அச்சகம் போட்டது. இங்கிலீஷ்தான், அதுவும் பொறியாளர் இங்கிலீஷ். 1887இல் வேலை தொடங்கி 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் திறந்து வைக்கிறவரை நடந்ததெல்லாம் இருக்கிறது. வெள்ளம் அடித்துக்கொண்டு போன தற்காலிக அணைகள், ஆட்களைக் கொன்ற காட்டுக் காய்ச்சல், அடிவாரத்தில் இருந்து கம்பிவடத்தில் சாமான் ஏற்றிய விதம், சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் பொடியும் கலந்த கணக்கு. இதைப் படிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அணை வேலையை நடத்திய இன்ஜினியர் பென்னிகுக் சொந்தச் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வோம். மெக்கன்சி எழுதியதோ அரசுப் பணத்தில் நடந்த அரசு வேலையின் வரலாறு. அதனால் பென்னிகுக் மேல் மரியாதை குறைந்துவிடாது. ஜனவரி 15 அவர் பிறந்தநாளுக்கு நாம் வைக்கிற பொங்கல் அப்படியே இருக்கட்டும். ஆனால் கடையில் வாதம் செய்யும்போது அந்தச் சொத்துக் கதையைச் சாட்சியாக இழுக்காமல் இருப்பது நல்லது.

மூன்றாவதுதான் உங்கள் சண்டைக்கு மருந்து. உச்ச நீதிமன்றத்தின் 2014 மே 7 தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். 1886இல் திருவிதாங்கூர் போட்டுக்கொடுத்த 999 வருடக் குத்தகை, 142 அடிவரை தேக்கலாம் என்ற 2006 தீர்ப்பு, அதைத் தடுக்கக் கேரளம் கொண்டுவந்த சட்டத் திருத்தம், அணையின் உறுதி பற்றி நிபுணர் குழு சொன்னது எல்லாம் வரிசையாக வருகிறது. கேரளத் தரப்பு என்ன பயப்படுகிறது என்பதும் அதிலேயே இருக்கிறது. அதைத் தாண்டிப் போகாமல் நிதானமாகப் படியுங்கள். அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறில் குடியிருக்கிறவனுக்கு இரவில் மழை பெய்தால் என்ன தோன்றும் என்று தெரியாமல், நம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோகத்தைப் பற்றி மட்டும் பேசினால் எதிரே நிற்பவர் கேட்கமாட்டார்.

நாவல்தான் எனக்குப் பிடிக்கும். ஆறு, அணை இதெல்லாம் வருகிற மாதிரி?

நம் மாவட்டத்தில் இருந்தே தொடங்கலாம். வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’, வைகை அணைக்காக ஊரை இழந்தவர்களின் கதை. 2003இல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கியது. அணையால் பிழைத்த ஊர்க்காரர்கள் நாம், அணைக்குள் போன ஊர்க்காரர் பேயத்தேவரையும் தெரிந்துகொள்ள வேண்டும். நடை சில இடங்களில் கவிதையாகப் பொங்கி வழியும், அது எனக்குக் கொஞ்சம் அதிகம். கிழவரின் பிடிவாதத்துக்காகப் படிக்கலாம்.

அப்புறம் இரா. முருகவேளின் ‘முகிலினி’. பவானி ஆறும் அதன் கரையில் வந்த செயற்கை இழை ஆலையும். வேலை கொடுத்த ஆலையே ஆற்றைக் கெடுத்தால் தொழிலாளி எந்தப் பக்கம் நிற்பான் என்பதை நேர்மையாக எழுதியிருக்கிறார். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள்.

நகரத்துத் தண்ணீருக்கு அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. 1970களின் சென்னை, ஒரே தெரு, வாளியோடு அலைகிற ஜமுனா. சின்ன நாவல். இதில் அழுகைகூடச் சத்தமில்லாமல்தான் வரும்.

தண்ணீரிடம் நல்ல வார்த்தை சொன்னால் அதன் படிகம் அழகாகிறது என்று ஒரு ஜப்பான்காரர் புத்தகம் இருக்கிறதாமே? வாட்ஸப்பில் வந்தது.

மசாரு எமோட்டோவின் புத்தகம். படங்கள் அழகாக இருக்கும். அறிவியல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பிடித்த படத்தைத் தேர்ந்தெடுத்துப் போட்டால் எதையும் நிரூபித்துவிடலாம். பிள்ளைகளுக்குத் தர வேண்டாம் என்பதே என் எண்ணம்.

எல்லையில் இருக்கிறோம். மலையாளத்தில் இருந்து தமிழுக்கு வந்தது?

தகழியின் ‘செம்மீன்’. 1956இல் வந்த நாவல், சுந்தர ராமசாமி தமிழாக்கம். படம் பார்த்துவிட்டேன் என்று தள்ளிவிட வேண்டாம். கரையில் மனைவி ஒழுக்கமாக இருந்தால்தான் கடலில் புருஷன் உயிரோடு திரும்புவான் என்கிற நம்பிக்கை கறுத்தம்மாவின் கழுத்தை எப்படி நெரிக்கிறது என்பதைப் புத்தகத்தில்தான் மெதுவாக உணர முடியும். கடலோரத் தமிழில் இதற்குப் பக்கத்தில் வைக்க வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’.

மதுரையில் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறேன். கனமான புத்தகம் சொல்லுங்கள் சார்.

டேவிட் மோஸ் எழுதிய ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’, 2003. ராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்ப் பகுதியிலேயே ஆய்வு செய்தவர். அந்தக் காலத்தில் ஊரே ஒற்றுமையாகக் கண்மாயைக் காத்தது, வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்ற கதையை இவர் அப்படியே ஏற்பதில்லை. மடைக்குப் பின்னால் சாதியும் ஜமீனும் கோயில் மரியாதையும் எப்படி நின்றன என்று காட்டுகிறார். படிக்கக் கொஞ்சம் கடினம்தான். கல்லூரியில் மடையின் அளவைச் சொல்லித்தருவார்கள், மடையைத் திறக்கிற உரிமையைப் பற்றிச் சொல்லித்தர மாட்டார்கள் தம்பி.

சுனில் அம்ரித்தின் ‘அன்ரூலி வாட்டர்ஸ்’ (2018) பருவமழையும் அணைகளும் ஆசியாவின் வரலாற்றை எப்படி அசைத்தன என்று சொல்கிறது. கதை போல ஓடும். இந்தி தெரிந்த நண்பன் இருந்தால் அனுபம் மிஸ்ராவின் ‘ஆஜ் பீ கரே ஹைன் தாலாப்’ புத்தகத்தைப் பற்றிக் கேள். 1993இல் வந்தது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார். குளம் வெட்டினவர்களின் கைத்திறமையை அவர் எழுதியிருக்கிற விதத்துக்காகவே இந்தி படிக்கலாம்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு நாடகம்?

கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’. பாலசந்தர் படத்துக்கு முன்னால் அது மேடை நாடகம். முழுதாகப் போட்டால் விழா முடியாது, மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவர ஊர் கூடிப் பேசுகிற காட்சியை மட்டும் எடுங்கள்.

அப்பாவுக்குக் கண் சரியில்லை. நான் வாசித்துக் காட்டினால் கேட்பார். காவிரிப் பக்கத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர்.

சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’. 1971இல் வந்த பயண நூல். குடகில் தொடங்கிக் கடல்வரை ஆற்றோடு போகிறார்கள். நாளுக்கு நாலைந்து பக்கம் வாசியுங்கள். அவர் பார்த்த ஊர் வந்தால் நிறுத்திவிட்டு அவரைப் பேச விடுங்கள்.

புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கிட்டத்தட்ட எல்லோருமே கேட்டிருக்கிறீர்கள். முதலில் உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் கேளுங்கள். அங்கே இல்லையென்றால் மாவட்ட மைய நூலகத்தில் இருக்கிறதா என்று நூலகரையே விசாரிக்கச் சொல்லுங்கள். மெக்கன்சியின் புத்தகம் மட்டும் கடையில் தேடி அலைய வேண்டாம். பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல் அது, இணையத்தில் தேடிப் பாருங்கள். குமுளி அண்ணன் தீர்ப்பை அச்செடுத்துக் கடையில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். வேண்டியவர்கள் அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம், டீக்கு மட்டும் காசு கொடுத்துவிடுங்கள்.