மருந்துப் பாடல்கள் எந்த அடுக்கில்?

கேள்வி: எங்கள் ஊர் வாசகசாலையின் நூல்களை, பொருளுக்கேற்ப எண் கொடுத்து வகுக்கும் டூயி தசமப் பகுப்பு முறைப்படி அடுக்கி வருகிறோம். முழுவதும் விருத்தப்பாக்களால் ஆன சித்த மருத்துவ நூல் ஒன்று கிடைத்தது. செய்யுள் என்பதால் இலக்கிய அடுக்கில் வைக்க வேண்டும் என்கிறார் நண்பர். அது சரியா? மருத்துவ அகராதி, மருத்துவ இதழ் ஆகியவற்றை எங்கே வைப்பது?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: சரியன்று. சூரணம் செய்யும் முறையைத் தேடி வருகிறவர் இலக்கிய அடுக்கின் பக்கம் எட்டிப் பார்க்கவே மாட்டார். மனப்பாடம் செய்ய எளிது என்பதாலேயே நம் முன்னோர் மருந்தையும் சோதிடத்தையும் இலக்கணத்தையும் யாப்பில் அமைத்தார்கள். அங்கே செய்யுள் வெறும் ஏனம், உள்ளிருக்கும் சரக்கு மருத்துவம். ஆகவே அந்நூல் மருத்துவத்துக்கான 610 வரிசைக்கே உரியது. நூற்பாக்களால் ஆன நன்னூலை எவரும் கவிதை அடுக்கில் தேடுவதில்லை அல்லவா?

மற்ற இரண்டுக்கும் இதே நெறிதான்: முதலில் பொருள், அதன் பின்னரே வடிவம். மருத்துவத்துக்குரிய 610 என்னும் எண்ணோடு, அகராதி, கலைக்களஞ்சியம் போன்றவற்றைக் குறிக்கும் 03 சேரும்போது 610.3 என்றும், பருவ இதழ்களைக் குறிக்கும் 05 சேரும்போது 610.5 என்றும் பகுப்பெண் அமையும். முதல் எண்ணே சுழியத்தில் முடிவதால் இங்கே இன்னொரு சுழியம் எழுதப்படுவதில்லை. புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுவே.

இலக்கிய வகுப்பில் மட்டும் நிலைமை வேறு. அங்கே கவிதை, நாடகம், புனைகதை என்ற வடிவமே பிரிவுக்கு அடிப்படையாகிறது. தமிழ்க் கவிதைக்கு 894.8111, தமிழ்ப் புனைகதைக்கு 894.8113. ஆனால் 494.8113 என்பது தமிழ் அகராதி. கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் பார்த்து அடுக்கினால் நாவலுக்கு நடுவே அகராதி போய் உட்காரும்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட, நூல்களை வகுக்கும் மற்றொரு முறையான கோலன் பகுப்பு முறை, வடிவத்தை இன்னும் நுட்பமாகக் கையாள்கிறது. மருத்துவத்துக்கு ‘எல்’ (L) என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தும், அதனுடன் கலைக்களஞ்சியத்துக்குக் ‘கே’ (k), பருவ இதழுக்கு ‘எம்’ (m) என்ற சிறிய எழுத்துகளும் சேர்கின்றன. இவ்வாறு குறிக்கப்பட்டவை அத்துறையின் பொது நூல்களுக்கும் முன்னதாகவே அடுக்கில் இடம்பெறும். துறைக்குப் புதியவர் முதலில் புரட்ட வேண்டியவை அவையே என்பதால், இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது.

உங்கள் நூல் ஓலைச்சுவடியாகவே கிடைத்திருந்தாலும் பகுப்பெண் மாறாது; அதை வைக்கும் பெட்டிதான் மாறும்.