ராஜ்மா கட்லெட் கல்லில் உடைகிறதா? மாவைக் கூட்டாதீர்கள்

இன்னும் மாவு சேர்க்க வேண்டாம், கலவையில் இருக்கும் ஈரத்தைக் குறையுங்கள். ராஜ்மா கட்லெட் திருப்பும்போது உடைகிறது, மாவைக் கூட்டினால் கல் மாதிரி இறுகுகிறது என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் தண்ணீர்தான்.

நண்பர்களோடு சேர்ந்து செய்தபோது ஆளுக்கொரு காயை நறுக்கி, வதக்காமலே போட்டதாகவும் சொல்கிறீர்கள். எனக்கு அதில்தான் சந்தேகம். வெங்காயமும் கேரட்டும் உப்பு பட்டதும் நீர் விடும். பிசையும்போது கெட்டியாக இருந்தது, எல்லோரும் பேசிக்கொண்டே தட்டி முடிப்பதற்குள் தளர்ந்துவிடும். காயை நீர் வற்ற வதக்கி ஆறவிடுங்கள். வெந்த ராஜ்மாவையும் வடிகட்டி, தட்டில் பரப்பி, தோல் உலர்ந்து தெரியும்வரை வைத்திருந்து அப்புறம் மசியுங்கள். அங்கங்கே முழு ராஜ்மா தட்டுப்படட்டும், கூழாக்கினால் ருசியே போய்விடும்.

ஒரே ஒரு உருண்டையை உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். கையில் ஒட்டினால் கொஞ்சம் ரொட்டித்தூள் சேர்த்து 10 நிமிடம் விடுங்கள். ஓரம் வெடித்தால் தண்ணீர் தெளித்தால் போதும். சரியாக வந்தால் அதை மட்டும் முதலில் பொரியுங்கள். அடிப்பக்கம் நன்றாகச் சிவந்து, தானாகக் கல்லை விடும்வரை கரண்டியை வைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: ராஜ்மா ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு மெத்தென்று வேகவிடுங்கள். சரியாக வேகாத ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதம் வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். கட்லெட்டாகப் பொரிக்கும் சூட்டை நம்பி இதை விட்டுவிடாதீர்கள்.