காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது?

அன்புள்ள சார்,

வணக்கம். வேளச்சேரியில் வீட்டிலிருந்தபடியே ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மொழிபெயர்க்கிறேன். நகரங்களின் தட்பவெப்பம் பற்றிய ஒரு கட்டுரையில் 'கன்ட்ரி பிரீஸ்' என்று ஒரு சொல் வந்தது. 'ப்ரீஸ் த பேயீ' என்று போட்டேன். சரிபார்த்தவர் அதை அடித்துவிட்டு 'ப்ரீஸ் யூர்பேன்' என்று எழுதி அனுப்பியிருக்கிறார். கன்ட்ரி எப்படி நகரம் ஆகும்? ஒருவேளை 'ப்ரீஸ் த வீல்' என்று போட்டு, 'நகரத்திலிருந்து வீசும் காற்று' என்று அடிக்குறிப்பு கொடுத்துவிடலாமா? தமிழில் என்றால் நீங்கள் இதை எப்படிச் சொல்வீர்கள்? அதே கட்டுரையில் உயரமான கட்டடத்தின் மூலையில் காற்று வேகமெடுப்பது பற்றியும் வருகிறது. அதற்குப் பிரெஞ்சில் தனிச்சொல் உண்டா?

— ஒரு வாசகி, வேளச்சேரி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த அடிக்குறிப்பை எடுத்துவிடுங்கள். அதில் காற்றின் திசையே மாறிவிடுகிறது. இந்தக் காற்று நகரத்திலிருந்து வெளியே போவதில்லை, வெளியிலிருந்து நகரத்துக்குள் வருகிறது.

பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட்டும் தாரும் ராத்திரியில் அந்தச் சூட்டை மெதுவாக விடுகின்றன. சுற்றியுள்ள வயல்வெளி அதற்குள் குளிர்ந்துவிடுகிறது. நகரம் இப்படிச் சூடாக நிற்பதை லூக் ஹோவர்டு லண்டனில் அளந்து 1818-லேயே எழுதிவிட்டார். மேகங்களுக்கு இன்று நாம் வழங்கும் பெயர்முறையைத் தந்தவரும் அவர்தான். நகரத்தின் மேலுள்ள சூடான காற்று எழும்புகிறது, அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து குளிர்ந்த காற்று தரையோடு தரையாக நகர்ந்து வருகிறது. மேலே போன காற்று உயரத்தில் வெளிப்பக்கமாகத் திரும்புகிறது. வானம் தெளிவாக, வேறு காற்று அதிகம் இல்லாத நேரத்தில்தான் இது தெரியும். கொஞ்சம் பலமான காற்று வீசினாலும் கலைந்துவிடும்.

இதே காற்றை ஆங்கிலத்தில் சிலர் 'கன்ட்ரி பிரீஸ்' என்கிறார்கள், சிலர் 'அர்பன் பிரீஸ்' என்கிறார்கள். முதல் பெயர் அது கிளம்பும் இடமான கிராமப்புறத்தைச் சொல்கிறது. இரண்டாவது, அதை உண்டாக்குவது நகரம் என்று சொல்கிறது. உங்கள் கட்டுரையைச் சரிபார்த்தவர் தவறு செய்யவில்லை. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 'ப்ரீஸ் யூர்பேன்' என்ற சொல்லை நன்றாகவே பயன்படுத்துகிறார்கள். 2004-லும் 2005-லும் பிரான்சின் துலூஸ் நகரத்தில் காபிதூல் என்ற பெயரில் ஒரு பெரிய கள ஆய்வு நடந்தது. அங்கே இந்தக் காற்றைத் தேடிப் பிடித்து அளந்தார்கள். துலூஸ் கடலோர ஊர் இல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல்வெளி. இந்தக் காற்றைப் பார்க்க அதுபோன்ற ஊர்தான் வசதி.

ஆனால் உங்கள் மூலத்தில் இருப்பது 'கன்ட்ரி'. எழுதியவர் கிளம்பும் இடத்தைச் சொல்லியிருக்கும்போது நீங்களும் அதைத்தான் சொல்ல வேண்டும். என் தேர்வு 'ப்ரீஸ் த காம்பாஞ்', அதாவது கிராமப்புறத்திலிருந்து வரும் காற்று. முதல் முறை வரும் இடத்தில் பக்கத்திலேயே 'ப்ரீஸ் யூர்பேன் என்றும் சொல்வார்கள்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

'ப்ரீஸ் த வீல்' மட்டும் வேண்டவே வேண்டாம். பிரெஞ்சில் 'ப்ரீஸ் த மேர்' என்றால் கடலிலிருந்து வருவது, 'ப்ரீஸ் த தேர்' என்றால் நிலத்திலிருந்து வருவது. 'த' என்ற அந்தச் சின்ன எழுத்து காற்று புறப்பட்ட ஊரைக் காட்டுகிறது. 'த வீல்' என்று போட்டால் வாசிக்கிற பிரெஞ்சுக்காரர் நகரத்திலிருந்து வயலுக்குப் போகும் காற்று என்றுதான் எடுத்துக்கொள்வார். 'யூர்பேன்' பெயரடை. அது திசை எதையும் சொல்வதில்லை, அதனால்தான் தப்பிக்கிறது.

நமக்கு இது புதிதல்ல. வாடை வடக்கிலிருந்து வருவது, தென்றல் தெற்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, கோடை மேற்கிலிருந்து. நம் கரையோர மீனவர்கள் இன்றும் மேல்காற்றைக் கச்சான் என்கிறார்கள். காற்று போய்ச் சேரும் இடத்தை வைத்து நாமும் பெயர் வைப்பதில்லை.

இனி 'பேயீ'. இதற்காக நீங்கள் வருத்தப்படத் தேவையில்லை. 'பேயீ' என்பது தேசம் மட்டுமில்லை, வட்டாரமும்தான். 'பேயீஸான்' என்றால் குடியானவர், அது அந்த வேரிலிருந்து வந்த சொல். 'வேன் த பேயீ' என்றால் அந்தந்த வட்டாரத்து ஒயின். அதனால் 'ப்ரீஸ் த பேயீ' என்று படித்தால் 'இந்த வட்டாரத்துக் காற்று' என்ற பொருள்தான் வரும். நாட்டுக்கோழி, நாட்டுச் சர்க்கரை என்று நாம் சொல்லும்போது 'நாட்டு' என்பதில் ஒரு 'நம்மூர்' இருக்கிறதே, அதுதான். கிராமம் அதில் இல்லை. 'காம்பாஞ்' வயலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது, இந்த இடத்துக்கு அதுதான் பொருந்தும்.

தமிழிலும் அதே பள்ளம் காத்திருக்கிறது. 'நாட்டுக் காற்று' என்று எழுதிப் பாருங்கள், கோழிக்கடைப் பலகை போல ஆகிவிடும். 'நாட்டுப்புறக் காற்று' என்றால் பாட்டு ஞாபகம் வருகிறது. 'நாடாகு ஒன்றோ காடாகு ஒன்றோ' என்று ஔவையார் புறநானூற்றில் பாடியபோது, நாடு என்பது காட்டுக்கு எதிரே நின்ற, மக்கள் உழுது வாழும் நிலம். அந்தப் பொருள் இன்றைய காதில் விழுவதில்லை. 'புறநகர்க் காற்று' தவறாகவே போய்விடும். பல்லாவரமும் அம்பத்தூரும் புறநகர்தான், ஆனால் அங்கே இருப்பதும் கான்கிரீட்தான். நான் 'வயற்காற்று' என்று எழுதுவேன். கடற்காற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறது, எங்கிருந்து வருகிறது என்பதும் சொல்லிலேயே இருக்கிறது.

சென்னையில் இந்த வயற்காற்றைத் தனியாக உணர முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். கஷ்டம்தான். நம் ஊரின் ஒரு பாதி கடல், அந்தப் பக்கம் வயலே கிடையாது. மீதிப் பாதியில், ஜனவரி மாதத்து விடியற்காலையில் பூந்தமல்லிப் பக்கமிருந்து சில்லென்று வருவது பெரும்பாலும் நிலக்காற்று. வயற்காற்று என்று ஒன்று அதில் கலந்திருந்தாலும் அதே திசையிலிருந்துதான் வரும், எது எது என்று தோலுக்குத் தெரியாது. மத்தியானம் ஆனால் கடற்காற்று உள்ளே வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். கோடையில் அது தாமதமானால் நாம் படும் பாட்டை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

காற்றின் பெயர் விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் உண்டு. பல வருஷங்களுக்கு முன்பு ஒரு கப்பல் அறிக்கையில் 'ஃப்ரெஷ் பிரீஸ்' என்பதை 'வான் ஃப்ரே' என்று மொழிபெயர்த்துவிட்டேன். அகராதிப்படி இரண்டு வார்த்தையும் சரி. ஆனால் காற்றின் வேகத்தைப் படிபடியாகப் பிரிக்கும் போஃபோர்ட் அளவுகோலில் 'ஃப்ரெஷ் பிரீஸ்' 5-ஆம் படி, மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டர். பிரெஞ்சில் அந்தப் படிக்குப் பெயர் 'போன் ப்ரீஸ்'. 'வான் ஃப்ரே' என்பது 6-ஆம் படி, 39 முதல் 49. கப்பலில் இருப்பவருக்கு நான் இல்லாத காற்றைக் கொடுத்துவிட்டேன். அச்சுக்குப் போகும் முன்பு ஒரு மாலுமி கண்டுபிடித்துச் சொன்னார். அன்றிலிருந்து காற்றின் பெயர் எது வந்தாலும், அது எங்கிருந்து எங்கே போகிறது, எவ்வளவு வேகம் என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டுப் பார்த்த பிறகுதான் அகராதியைத் திறக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள்.

கட்டட மூலைக்கு வருகிறேன். பிரெஞ்சில் இதற்குத் தனிச்சொல் உண்டு: 'எஃபே த க்வேன்', அதாவது மூலை விளைவு. எழுத்தில் பார்த்தால் ஆங்கிலத்து நாணயம் போலத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். கட்டடத்தின் முகத்தில் மோதும் காற்று பக்கவாட்டில் ஒதுங்கி, ஓரத்தில் நெருக்கிக்கொண்டு திரும்பும்போது வேகமெடுக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் உயரமான அடுக்குமாடி ஒன்றின் மூலையைச் சுற்றி நடந்தவர்களுக்கு, துப்பட்டா திடீரென்று முகத்தில் அடிக்கும் அந்த இடம் தெரியும். முகப்பில் மோதி மேலிருந்து கீழே இறங்கும் காற்று வேறு, அதை இந்தச் சொல்லுக்குள் சேர்க்காதீர்கள். உங்கள் கட்டுரையில் இரண்டும் வருகிறதா என்று மூலத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவதும் இருந்தால் அந்தப் பத்தியை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து யோசிக்கலாம்.

அன்புடன்.