கோட்டையைப் பிடிக்கப் போவது

அன்புள்ள சார்,

அவனியாபுரத்தில் இருக்கிறேன். வயது 46. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை. என் தம்பி அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறான். போன மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லவ்லேண்ட் என்ற ஊரில் ஒரு கோட்டைக்குப் போய்வந்து போட்டோவாக அனுப்பித் தள்ளிவிட்டான். பார்த்தால் பழைய காலத்து ராஜா கோட்டை மாதிரியேதான் இருக்கிறது. ஆனால் யாரோ ஒருத்தர் ஆசைக்குக் கட்டியதாம், நூறு வருஷம்கூட ஆகவில்லையாம். அந்த நாட்டில் வளர்ந்த ஆட்களே இரும்புச் சட்டை போட்டுக்கொண்டு வாள் சுற்ற சங்கமெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்கிறான். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பொறாமை.

எங்கள் தெருவில் பெண்கள் நாலைந்து பேர் ஒரு செட். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படி ஏதாவது கோட்டைக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பலாம் என்று பேசிக்கொண்டே இருக்கிறோம். வீட்டில் சொன்னால் மாமியார் கேட்பது ஒரே கேள்வி: "அங்கே என்ன சாமி இருக்கு?" பொய்க் கோட்டையைப் போய்ப் பார்ப்பதில் ஏதாவது அர்த்தம் உண்டா? நம் பக்கத்துக் கோட்டைகளில் பார்க்க என்ன இருக்கிறது? இந்த வயதில் இதெல்லாம் தேவையா? மூன்றுக்கும் பதில் எழுதுங்கள்.

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

மூன்றாவதை முதலில் முடித்துவிடுகிறேன். தேவைதான். திண்டுக்கல் மலைப்படி ஏற மூட்டு ஒத்துழைக்கிற வயதில் போகாமல் அப்புறம் எப்போது போவீர்கள்?

இரும்புச் சட்டையைப் பார்த்துச் சிரிக்கிற உரிமை மட்டும் மதுரைக்காரர்களுக்குக் கிடையாது. சித்திரைத் திருவிழாவில் பட்டறை வைத்திருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், வட்டிக்கடைக்காரர் எல்லாரும் சல்லடம் கட்டி, உருமால் சுற்றி, தோல்பையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு அழகர் மேல் பீய்ச்ச வெயிலில் ஓடுகிறார்கள், அந்த அழகரே கள்ளர் வேஷத்தில்தான் மலையிலிருந்து இறங்கி வருகிறார். அது நேர்த்திக்கடன், இது விளையாட்டு என்பீர்கள். சரி. ஆனால் தண்ணீர் பீய்ச்சுகிறவர் முகத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள், அதில் எவ்வளவு நேர்த்தி எவ்வளவு விளையாட்டு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடிந்ததில்லை.

இனி பொய்க் கோட்டை. உங்கள் தம்பி போனது ஹாரி ஆண்ட்ரூஸ் என்பவர் 1929-ல் ஆரம்பித்துக் கட்டிய கோட்டை. பக்கத்து ஆற்றிலிருந்து கல் சுமந்து வந்தார், போதாததற்குப் பால் அட்டைப் பெட்டிகளில் சிமென்ட் கலவையை ஊற்றிச் செங்கல் மாதிரி வார்த்துக்கொண்டார். 1981-ல் சாகிறவரை கட்டிக்கொண்டேதான் இருந்தார். அவர் சேர்த்துவைத்த பையன்கள் கூட்டம் ஒன்று உண்டு, தங்களை வீரர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள், கோட்டையை அவர்களுக்கே எழுதிவைத்துவிட்டுப் போனார். அரை நூற்றாண்டு ஒரு மனிதர் கல் அடுக்கியதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதில் ராஜா இல்லை, சண்டை இல்லை, அவ்வளவுதான்.

ஜெர்மனியின் நொய்ஷ்வான்ஸ்டைனைக் காலண்டர் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதுவும் பழைய கோட்டை கிடையாது. பவேரியா ராஜா இரண்டாம் லுட்விக் 1869-ல் அடிக்கல் போட்டுத் தன் கனவுக்காகக் கட்டிக்கொண்டது. நம் நாட்டில் ரயில் வந்த பிறகு எழுந்தது. அவர் 1886-ல் இறந்தார், சில வாரங்களிலேயே டிக்கெட் போட்டு ஜனங்களை உள்ளே விட்டுவிட்டார்கள். பார்க்க அழகு, போட்டோவுக்கு நல்லது, அதற்கு மேல் எனக்கு அதில் ஆர்வமில்லை.

எனக்குப் போக ஆசையுள்ள இடம் பிரான்ஸில் பர்கண்டிப் பக்கம் இருக்கிற கெதலோன். 1997-ல் ஆரம்பித்து 13-ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்றைப் புதிதாகக் கட்டிவருகிறார்கள், அந்தக் காலத்துக் கருவிகளையும் அந்தக் காலத்து வேலைமுறையையும் மட்டும் வைத்து. கல்லை அங்கேயே வெட்டி எடுக்கிறார்கள், சுண்ணாம்புக் கலவையை அங்கேயே குழைக்கிறார்கள். கல்லை மேலே தூக்குவதற்குப் பெரிய மரச் சக்கரம் ஒன்று. அதற்குள் ஆள் ஏறி நடக்கிறார். நடக்க நடக்கச் சக்கரம் சுழன்று கயிற்றைச் சுற்றுகிறது, கல் ஆடாமல் அசையாமல் மேலே போகிறது.  ஒரு சுவருக்கு எத்தனை கால்கள் நடந்திருக்கும் என்று எந்தப் பாடப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. பாரிஸ் நோத்ருதாம் தேவாலயம் 2019-ல் எரிந்ததே, அதன் கூரை மரங்களைக் கோடாலியால் பழைய முறையில் செதுக்க ஆள் தேவைப்பட்டபோது கெதலோனில் கை பழகிய தச்சர்கள் சிலரும் அந்த வேலைக்குப் போனார்கள். ஆக, பொய்க் கோட்டையா என்று கேட்காமல், அங்கே போனால் சுவர் எப்படி நின்றது என்று புரியுமா என்று கேளுங்கள். புரியும் என்றால் தம்பி டிக்கெட் எடுத்துக் கொடுக்கும்போது போய்வாருங்கள்.

அதுவரை உங்களுக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் இருக்கிறது.

நம் பக்கத்துக் கோட்டைகளுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏறுகிறார்கள், உச்சியில் காற்று வாங்குகிறார்கள், செல்ஃபி எடுத்துவிட்டு இறங்குகிறார்கள். கேட்டால் வெறும் கல்லுதான் என்கிறார்கள். கோட்டை என்பது ஒரு இயந்திரம், வெளியே நிற்கிறவனைச் சாகடிக்கவும் உள்ளே இருக்கிறவனைச் சோறு தண்ணீரோடு காப்பாற்றவும் செய்தது. ஓடாமல் நிற்கிற இயந்திரத்தைச் சும்மா பார்த்தால் கல்லாகத்தான் தெரியும். அதனால் பார்க்கப் போகாதீர்கள், பிடிக்கப் போங்கள். நாலைந்து பேர் இருக்கிறீர்களே, இரண்டாகப் பிரிந்துகொள்ளுங்கள், ஒரு கட்சி கோட்டைக்காரர்கள், இன்னொன்று முற்றுகைக்காரர்கள். அடிவாரத்தில் நின்றபடியே சண்டையை ஆரம்பித்துவிடலாம்.

திண்டுக்கல் இதற்கு அருமையான இடம். 1605 வாக்கில் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்ட ஆரம்பித்து, திருமலை நாயக்கர் பலப்படுத்தி, பிற்பாடு ஹைதர் அலி, திப்பு கைக்குப் போனது. ஊர் நடுவில் வழுவழுவென்று ஒரே பாறை. மேலே விளிம்பை ஒட்டியே மதில் ஓடுகிறது. ஏணி சாத்த இடம் தேடுங்கள், கிடைக்காது. சரி, படிவழியே ஏறலாம் என்றால், பாறையில் வெட்டிய அந்தப் படிகளில் பாதி தூரம் போய் மூச்சு வாங்க நிற்கிறீர்களே, அங்கே நின்று அண்ணாந்து பாருங்கள், மதிலிலிருக்கிற துப்பாக்கித் துளைகள் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேலே போனதும் அதே துளையில் கண்ணை வைத்து, சற்று முன் நீங்கள் மூச்சு வாங்கிய படி தெரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் கோட்டைக்காரர்கள் தங்கள் பக்கத்துக் கணக்கைச் சொல்லட்டும்: மழைத்தண்ணீர் எங்கே தேங்குகிறது, வெடிமருந்து எந்த அறையில், கைதிகள் எந்த அறையில், எத்தனை நாள் தாக்குப்பிடிப்போம்.

1790-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இதே கோட்டையில் இதே கணக்கைத்தான் போட்டது. பீரங்கியால் மதிலில் சரியான உடைப்பு விழுவதற்குள் குண்டும் மருந்தும் தீர்ந்துபோகிற நிலை, வேறு வழியில்லாமல் ஏறிப் பார்த்து அடிபட்டு இறங்கினார்கள். ஆனால் உள்ளே இருந்தவர்கள் மறுநாளே சரணடைந்துவிட்டார்கள். பாறை தோற்கவில்லை, உள்ளே இருந்த ஆட்களுக்கு மனம் விட்டுப்போனது.

பெண்கள் குழுவாகப் போகிறீர்கள் என்பதால் இன்னொன்று. கணவரை இழந்து சிவகங்கையை விட்டு வந்த வேலு நாச்சியார் விருப்பாட்சியில் தங்கி, ஹைதர் அலியின் உதவியைப் பெற்றது இந்தத் திண்டுக்கல் சீமையில்தான். 1780-ல் சிவகங்கையை மீட்டார். படியில் கால் வலிக்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

பஸ் செலவே இல்லாமல் போகவேண்டுமென்றால் மதுரையே இருக்கிறது. விசுவநாத நாயக்கர் காலத்தில் 72 கொத்தளங்களோடு எழுந்த கோட்டை, 72 பாளையத்துக்கும் ஆளுக்கு ஒன்று பொறுப்பு. பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மேலவாசல் கொத்தளம் ஒரு துண்டு மிச்சம் நிற்கிறது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள், வேலையை மேற்பார்வை பார்த்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் தெருப்பெயராகிவிட்டார்கள். வெளிவீதிகள் நாலையும் சுற்றி வந்தால் கிட்டத்தட்ட கோட்டையைச் சுற்றியதாகக் கணக்கு. இந்தக் கோட்டையைத்தான், கம்பெனியிலேயே தளபதியாக இருந்த கான்சாகிப், கம்பெனியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்துப் பிடித்துவைத்திருந்தார். 1764 ஜூனில் மதிலேறி வந்தவர்களை அடித்து விரட்டினார். பிறகு சோறு தண்ணீர் வராமல் சுற்றி வளைத்தார்கள். கடைசியில் அவர் ஆட்களே அவரைப் பிடித்துக் கட்டி ஒப்படைக்க, அக்டோபர் 15-ல் தூக்கில் போட்டார்கள். உங்கள் விளையாட்டிலும் கோட்டைக் கட்சியில் ஒருவரை ரகசியமாகத் துரோகி ஆக்கிவிடுங்கள், ஆட்டம் சூடு பிடிக்கும்.

மாமியார் விஷயம். அவரை எதிர்த்துப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம், கூட்டிக்கொண்டே போய்விடுங்கள். புதுக்கோட்டை காரைக்குடி ரோட்டில் திருமயம் இருக்கிறது, கிழவன் சேதுபதி 1687-ல் கட்டிய கோட்டை, உச்சியில் பீரங்கி, பாறைச் சரிவில் இரும்பு ஏணி ஏறிப்போனால் குடைந்தெடுத்த சின்ன அறைக்குள் லிங்கம். ரோட்டை ஒட்டிய கோட்டைச் சுவரிலேயே பைரவர் இருக்கிறார், போகிற வருகிற வண்டியெல்லாம் நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போகும். பாறையின் இன்னொரு பக்கம் பெருமாளுக்கும் சிவனுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைக் கோயில்கள். மாமியார் கீழே சாமி கும்பிடட்டும், நீங்கள் மேலே சண்டை போடுங்கள். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் அழகர்கோயில். அங்கே கும்பிடப் போகிற எல்லாருமே கோட்டைச் சுவரைத் தாண்டித்தான் போகிறார்கள், ஏறிட்டுப் பார்க்கிறவர்கள்தான் குறைவு. திண்டுக்கல்லுக்கு மட்டும் அவரைக் கூட்டிப்போகாதீர்கள். உச்சியில் கோயில் இருக்கிறது, உள்ளே மூலவர் இல்லை, அம்மன் கீழே ஊருக்குள் வந்துவிட்டாள் என்பார்கள். அத்தனை படி ஏறியபின் இதை அவருக்கு விளக்கிச் சொல்கிற தைரியம் எனக்கில்லை.

சித்திரை, வைகாசி வெயிலில் வேண்டாம், பாறை காலைச் சுட்டுவிடும். திறந்ததும் உள்ளே போய்விடுங்கள், வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட்டால் பிரியாணிக்கும் நேரம் சரியாக இருக்கும். ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில் தண்ணீர். தின்பண்டத்தைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிக்கொள்ளுங்கள். குரங்குகள் எந்தக் கட்சியிலும் சேராமல் இரண்டு பக்கமும் பிடுங்கும்.