வில்லனே நாயகனாக வரும் படங்களும் தொடர்களும் நம்மை ஏன் இவ்வளவு ஈர்க்கின்றன?

நல்லவர்களையே பார்த்து அலுத்துவிட்டது என்று சிலர் காரணம் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவன் எதையோ முடிக்கப் பாடுபடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தால், அது என்ன வேலை என்பதே கொஞ்ச நேரத்தில் மறந்துபோகிறது.

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வில் (1960) ஓர் இடம் வரும். கொலையான பெண்ணின் உடலைக் காரில் வைத்து, விடுதி நடத்தும் நார்மன் அதைச் சதுப்புக்குள் தள்ளிவிடுகிறான். அமிழ்ந்துகொண்டே வந்த கார் சட்டென நின்றுவிடுகிறது. அவன் முகத்தில் பதற்றம். எனக்கும்தான். முழுசாக முங்கிவிட வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சற்று முன்புவரை அந்தப் பெண்ணுக்காகப் பயந்துகொண்டிருந்தவன் நான்! அனுதாபம் குற்றவாளியின் பக்கம் போய்விடக் கூடாது என்று ஹாலிவுட்டில் தணிக்கை விதியே இருந்த காலம் அது. அனுதாபம் எவ்வளவு சுலபமாகப் பக்கம் மாறும் என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தொடர் என்றால் இன்னும் மோசம், வருஷக்கணக்கில் கூடவே இருக்கிறோம். 'பிரேக்கிங் பேட்' (2008–2013) மொத்தம் 62 எபிசோடுகள். புற்றுநோய் வந்த வேதியியல் ஆசிரியர் வால்டர் வைட், குடும்பத்துக்குப் பணம் சேர்க்கப் போதைப்பொருள் தயாரிக்கத் தொடங்குகிறார். முதல் சீசனிலேயே பழைய நண்பர் சிகிச்சைச் செலவை ஏற்க முன்வருகிறார், வால்டர் மறுத்துவிடுகிறார். குடும்பத்துக்காக என்ற காரணம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. நானோ, தன்மானம் உள்ள மனுஷன் என்று அவருக்காக வக்காலத்து வாங்கினேன். 'எனக்காகத்தான் செய்தேன்' என்று வால்டர் தன் மனைவி ஸ்கைலரிடம் ஒப்புக்கொள்வது கடைசி எபிசோடில்தான்.

அந்த ஸ்கைலர் மேல் எனக்கு அவ்வளவு எரிச்சல். அவர் குறுக்கே வரும்போதெல்லாம் கதை தடைப்படுவதாகத் தோன்றும். யோசித்தால், வீட்டுக்குள் நடக்கும் பொய்யைக் கேள்வி கேட்டார், அவ்வளவுதான். எரிச்சல்பட்டது நான் மட்டும் இல்லை. ஸ்கைலராக நடித்த அன்னா கன், அந்தப் பாத்திரத்தின் மேல் கொட்டப்பட்ட வெறுப்பு தன் மேலும் பாய்ந்ததைப் பற்றி 2013இல் நியூயார்க் டைம்ஸில் கட்டுரையே எழுதினார். படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்புறம் தொடரை மறுபடி முதலிலிருந்து பார்த்தேன், இந்த முறை ஸ்கைலரின் பக்கம் நின்று. காட்சிகள் அதேதான். வால்டர் கதவைத் திறந்து வீட்டுக்குள் வரும்போதெல்லாம் பயமாக இருந்தது.